கேபிளைத் தொட்டால் முள் ஆடுகிறது: நான்காவது பாலன் வரை

அமெச்சூர் ரேடியோவின் நாற்பது மீட்டர் பேண்டுக்காக (7 மெகாஹெர்ட்ஸ்) ஒரு டைபோல், அதாவது இரண்டு கால் கம்பி ஆன்டெனா, கட்டினேன். நடுவில் கம்பம், இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பிகள். 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கும் பழைய கணக்கு, 7.1-க்கு 20.07 மீட்டர் என்றது. கையிருப்பாக 20.4 மீட்டர் வெட்டி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து நுனிகளை மடித்துக்கொண்டே வந்ததில் 19.8-ல் வந்து நின்றது. ஆர்ஜி-58 என்ற கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பியை ஒரு காலிலும் அதைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலை மற்றக் காலிலும் நேராகப் பற்றவைத்திருந்தேன். கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே போடும் பாலன் கிடையாது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் 1.3; 1 என்றால் முழுப் பொருத்தம். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 50 வாட்டைத் தாண்டினால் கணினியின் விசைப்பலகை உறைந்துபோகும். மைக்கின் உலோக வலை உதட்டில் பட்டால் சுரீர் என்று கடிக்கும். மூன்றாவதுதான் என்னை உண்மையிலேயே குழப்பியது. குறைந்த பவரில் கேரியர் (பேச்சில்லாத வெறும் அலை) போட்டுவிட்டு, மேசைக்குப் பின்னால் தொங்கும் கேபிளைக் கையால் பிடித்தால் எஸ்டபிள்யூஆர் முள் நகரும். விட்டால் திரும்பிவிடும்.

கோஆக்ஸ் கேபிளின் உள்ளே ஓடுவது உள்ளேயே இருக்க வேண்டும். மேலே ரப்பர் மாதிரி உறை வேறு. என் கை அங்கே இருப்பது உள்ளே இருப்பதற்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பதில், கேபிளில் இருப்பது இரண்டு கம்பி அல்ல, மூன்று என்பதுதான். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் தோலில் மட்டுமே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அது இறங்கும் ஆழம் சுமார் 25 மைக்ரான். அதனால் பின்னலின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றையொன்று அறியாத இரண்டு தனிக் கம்பிகள்போல நடந்துகொள்கின்றன. நடுக்கம்பியில் போவதும் பின்னலின் உட்பக்கத்தில் வருவதும் சம அளவு, எதிர்த் திசை, அதில் வம்பில்லை. வம்பு கேபிள் முடியும் இடத்தில் தொடங்குகிறது. பின்னலின் உட்பக்கத்தில் வந்த மின்னோட்டத்துக்கு அங்கே இரண்டு வழி: ஆன்டெனாவின் காலுக்குள் போகலாம், அல்லது விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்னலின் வெளிப்பக்கமாகக் கீழே இறங்கலாம். கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. இறங்கி ரேடியோ, மைக், கணினி என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறது. இதற்குக் காமன் மோட் கரண்ட் என்று பெயர். என் ஆன்டெனாவுக்கு இரண்டு கால் இல்லை. கேபிளையும் சேர்த்து மூன்று.

இந்த மூன்றாவது காலை வெட்டிவிடுவதுதான் பாலனின் முதல் வேலை. பேலன்ஸ்டு (டைபோல்போல இரண்டு காலும் சமம்), அன்பேலன்ஸ்டு (கோஆக்ஸ்போல இரண்டும் சமமில்லை) என்ற இரண்டு சொற்களின் தலையை ஒட்டவைத்த பெயர் அது. தமிழில் எழுதினால் குழந்தை என்று பொருள் வந்துவிடுகிறது. என்னைப் படுத்தியதைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். 1:1, 4:1 என்ற விகிதமெல்லாம் வேறு வேலை, இம்பிடன்ஸை (மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடையை) மாற்றுவது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் நான் செய்த எல்லாத் தப்புக்கும் வேர்.

முதலில் வாங்கியது 4:1 என்று எழுதிய ஒரு பெட்டி. எண் பெரிதாக இருந்தால் வேலையும் அதிகமாகச் செய்யும் என்று நினைத்தேனோ என்னவோ. ஏற்றிவிட்டு மீட்டரைப் பார்த்தால் எஸ்டபிள்யூஆர் 3.5. இதற்குப் பெட்டியைத் திட்ட முடியாது. சரிந்த கால் உள்ள டைபோலின் இம்பிடன்ஸ் 50 ஓம் பக்கத்தில் இருக்கும். என்னுடையது 55 என்று வைத்துக்கொண்டால், நாலால் வகுத்துக் கேபிளுக்கு அது காட்டுவது 14 ஓம் கூட இல்லை. 50-ஐ 14-ஆல் வகுத்துப் பாருங்கள். பெட்டி சொன்னதைச் செய்தது, நான்தான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

அதைவிட முக்கியமான விஷயம், கேபிளைப் பிடித்தால் முள் இன்னமும் ஆடியது. பெட்டியைத் திறந்தேன். சிவப்பு வண்ணம் பூசிய ஒரு வளையம், அதில் இணையாகச் சுற்றிய இரண்டு எனாமல் கம்பிகள். வோல்டேஜ் பாலன் என்பார்கள். பெல் ஆய்வகத்தில் இருந்த ரூத்ராஃப் 1959-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய சுற்று முறை. அது இரண்டு முனைகளிலும் சமமான வோல்டேஜைத் தருகிறது. ஆன்டெனாவின் இரண்டு காலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் மின்னோட்டமும் சமமாகிவிடும். ஆனால் எந்த ஆன்டெனா அப்படி இருக்கிறது? ஒரு கால் சுவரை ஒட்டிப் போகும், இன்னொன்று வெட்டவெளியில் நிற்கும். வோல்டேஜ் சமம், இம்பிடன்ஸ் வேறு என்றால் மின்னோட்டமும் வேறு. மிச்சம் கேபிளின் வெளிப்பக்கம் இறங்கும்.

கரண்ட் பாலன் அதைவிட எளிமையான யோசனை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் குஸ்தாவ் குவனெல்லா 1944-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருவது. இணையாகப் போகும் இரு கம்பிகளை, அல்லது கோஆக்ஸையே, காந்தப் பொருள் மேல் சுற்று. உள்ளே போய்வரும் சம மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வளையம் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. வெளிப்பக்கத்தில் ஒற்றையாக வருவது மட்டும் பெரிய தடையில் மோதும். அதாவது ஒரு சோக்.

கையில் இருக்கும் 1:1 பெட்டி எந்த வகை என்று தெரிய மல்டிமீட்டர் போதும். கனெக்டரின் நடுவுக்கும் உடலுக்கும் இடையே, ஆன்டெனா மாட்டாமல், ஓம் பாருங்கள். ஷார்ட் காட்டினால் வோல்டேஜ் பாலன். திறந்து இருந்தால் சோக். 4:1-க்கு இந்தச் சோதனை செல்லாது. அதில் குவனெல்லா முறையில் சுற்றியதும் ஷார்ட்தான் காட்டும்.

இதற்குமேல் கையால் தொட்டுப் பார்த்துக் காலம் தள்ள முடியாது என்று, கேபிளின் வெளிப்பக்க மின்னோட்டத்தை அளக்க ஒரு கருவி செய்தேன். இந்த வேலை முழுவதிலும் செய்த உருப்படியான காரியம் இதுதான். கேபிளைச் சுற்றி மூடும் கிளிப் ஃபெரைட் (பீங்கான் போன்ற காந்தப் பொருள்) ஒன்று, அதன் ஒரு பாதியில் மெல்லிய எனாமல் கம்பி 10 சுற்று, அந்தச் சுற்றுக்குக் குறுக்கே 47 ஓம் ரெசிஸ்டர், அப்புறம் ஒரு ஜெர்மானியம் டயோடு, 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கடைசியில் மல்டிமீட்டர். ரெசிஸ்டரை விட்டுவிடாதீர்கள், அது இல்லையென்றால் கிளிப்பே ஒரு சின்ன சோக் ஆகி, அளக்கவந்ததை மாற்றிவிடும். உள்ளே ஓடும் சம மின்னோட்டம் இதற்குத் தெரியாது. வெளிப்பக்கம் ஓடுவது மட்டும் தெரியும்.

பாலனே இல்லாத பழைய நிலைக்குத் திரும்பி, 20 வாட்டில் அளந்தேன்: 0.7 வோல்ட். 100 வாட்டில் 2 வோல்ட். இனிமேல் எதைச் செய்தாலும் இந்த எண் குறைய வேண்டும்.

இரண்டாவது முயற்சி காற்றுச் சுருள். 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் மேல் அதே ஆர்ஜி-58-ஐ 8 சுற்றுச் சுற்றி, ஆன்டெனாவுக்குக் கீழே கட்டினேன். செலவில்லாத வேலை, பலரும் பரிந்துரைப்பது. கேரியர் போட்டேன், 0.9 வோல்ட். தப்பாகப் படித்தேனோ என்று மறுபடி பார்த்தேன். 0.9-தான். சோக் போட்ட பிறகு மின்னோட்டம் கூடியிருக்கிறது!

அந்தச் சுருளின் இண்டக்டன்ஸ் சுமார் 9 மைக்ரோஹென்றி. 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 400 ஓம். ஆனால் அந்த 400 ஓமில் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லை, எல்லாமே இண்டக்டிவ், அதாவது சுருளின் காந்தப்புலத்தால் வரும் தடை. கேபிளின் வெளிப்பக்கமும் ஒரு கம்பிதான் என்று சொன்னேனே, அதற்கும் அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு இம்பிடன்ஸ் உண்டு. என் கேபிளின் நீளத்துக்கு அது கெப்பாசிட்டிவாக அமைந்திருக்க வேண்டும். ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். இரண்டும் அடித்துக்கொண்டு போக, பாதை முன்னைவிடத் திறந்துவிட்டது. சரிபார்க்க, ரேடியோ பக்கம் 3 மீட்டர் கேபிளைக் கூடுதலாகச் சேர்த்தேன். அளவு 0.4-க்கு இறங்கியது. அதே சுருள், அதே ஆன்டெனா. காற்றுச் சுருள் எனக்கு நன்றாக வேலை செய்கிறது என்று ஒருவர் சொல்வதும் பயனில்லை என்று இன்னொருவர் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்று அப்போது புரிந்தது. கேபிள் நீளத்தைச் சொல்லாமல் அந்த வாதத்துக்கு முடிவே இல்லை.

மூன்றாவதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வாங்கிய பெட்டியில் இருந்த சிவப்பு வளையம் சும்மா கிடந்தது. டொராய்டு டொராய்டுதானே என்று அதில் மெல்லிய கோஆக்ஸை 12 சுற்றுச் சுற்றி மாட்டினேன். அளவு 0.7-லேயே அசையாமல் நின்றது. அந்தச் சிவப்பு வண்ணம் இரும்புத்தூள் வளையத்தின் அடையாளம். டி200-2 வகை; காந்தப்புலத்தை எவ்வளவு ஏற்கும் என்று சொல்லும் பெர்மியபிலிட்டி வெறும் 10. டியூனிங் சுற்றுகளுக்கு அருமையான பொருள், ஏனென்றால் அதில் இழப்பு மிகக் குறைவு. சோக்குக்கு அதே காரணத்தால் ஆகாது. 12 சுற்றில் 1.7 மைக்ரோஹென்றி, அதாவது 77 ஓம். ஓடுகிற வண்டியின் முன்னால் காகிதத்தைப் பிடித்த கதை.

சோக்குக்கு வேண்டியது ஃபெரைட். அதிலும் எல்லா ஃபெரைட்டும் ஒன்றல்ல. 61 என்ற கலவையின் பெர்மியபிலிட்டி 125, 43-க்கு 800, 31-க்கு 1500. குறுகிய அலைப் பேண்டுகளில் 43-உம் 31-உம் இழப்பு மிகுந்தவை, இங்கே அந்த இழப்புதான் நமக்குத் தேவை. இழப்பு என்றால் இம்பிடன்ஸில் ரெசிஸ்டன்ஸ் பங்கு என்று பொருள். கெப்பாசிட்டிவான எதுவும் ரெசிஸ்டன்ஸை அடித்துவிட முடியாது. கேபிள் எத்தனை மீட்டராக இருந்தாலும் தடை தடையாகவே நிற்கும். காற்றுச் சுருள் தோற்ற இடம் இதுதான்.

இழப்பு என்றால் சூடாகாதா என்று எனக்கும் பயம் இருந்தது. கணக்குப் போட்டால் நேர்மாறாக இருக்கிறது. சோக்கின் இரண்டு பக்கத்துக்கும் இடையே காமன் மோட் வோல்டேஜ் 100 என்று வைப்போம். தடை 500 ஓமாக இருந்தால் வெப்பமாகப் போவது 20 வாட். 5000 ஓமாக இருந்தால் 2 வாட். சூடாகிச் சாவது அரைகுறை சோக்தான். பெரிய தடை குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கும். அதனால் சில ஆயிரம் ஓம், முடிந்தால் 5000, என்று இலக்கு வைத்தேன்.

வாங்கியது எஃப்டி240-43 வளையம் இரண்டு. 61 மில்லிமீட்டர் விட்டம். ஒன்று கை நழுவித் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. ஃபெரைட் பீங்கான் மாதிரி என்று படித்திருந்தேன், நம்பவில்லை. உடனடிப் பசையில் ஒட்டி அளந்தால் இண்டக்டன்ஸ் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தலைமுடி அளவு இடைவெளி கூட அந்தப் பெர்மியபிலிட்டிக்குப் பெரிய பள்ளம். அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டேன். அடையாளம் தெரியாத வளையம் கிடைத்தாலும் இதே வழியில் பார்க்கலாம். 10 சுற்றுச் சுற்றி இண்டக்டன்ஸ் அளந்தால் இந்த எஃப்டி240-43-இல் 107 மைக்ரோஹென்றி அளவில் வரும். சிவப்பு டி200-2-இல் 1.2-தான்.

சுற்றக் கேபிள் ஆர்ஜி-316. தடிமன் 2.5 மில்லிமீட்டர், உள்ளே டெஃப்லான். ஆர்ஜி-58-உம் வளையும், ஆனால் இறுக்கமாக வளைத்து வெயிலில் வைத்தால் நடுக்கம்பி மெல்ல மெல்லப் பாலிஎத்திலீனைத் தள்ளிக்கொண்டு பின்னலை நோக்கி நகரும் ஆபத்து உண்டு. 12 சுற்றில், முதல் 6 ஒரு திசையில், பிறகு வளையத்தின் குறுக்கே தாண்டி எதிர்ப்பக்கத்தில் மீதி 6. உள்ளே வருவதும் வெளியே போவதும் நேரெதிர் முனைகளில் அமையும். மின்சார ரீதியில் இதனால் பெரிய லாபம் எதையும் நான் அளக்கவில்லை. பெட்டிக்குள் வைக்க வசதி, அவ்வளவுதான். முக்கியமானது வேறு: தொடக்கமும் முடிவும் ஒட்டி உரசாமல் தள்ளி இருக்க வேண்டும். இடையில் உருவாகும் சின்னக் கெப்பாசிட்டன்ஸ் உயர் பேண்டுகளில் சோக்கைத் தாண்டிச் செல்லக் குறுக்குவழி போட்டுவிடும். அதே காரணத்தால் சுற்றைக் கூட்டிக்கொண்டே போவதும் நல்லதல்ல. 7 மெகாஹெர்ட்ஸுக்கு 12 சரி. 28-ஐ மனத்தில் வைத்துச் செய்தால் சுற்றைக் குறைத்து வளையத்தைக் கூட்டுவேன்.

வளையம் கிடைக்காதவர்கள் மணிகளைக் கோக்கலாம். வால்டர் மேக்ஸ்வெல் பரப்பிய முறை அது; மெல்லிய கோஆக்ஸ் மேல் 50 சிறு ஃபெரைட் மணிகள். மணியில் தடை எண்ணிக்கைக்கு ஏற்றபடிதான் ஏறும், வளையத்தில் சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்றபடி ஏறும். நாலு மணி மாட்டிவிட்டு பாலன் போட்டேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

மேலே ஏற்றும் முன் மேசையிலேயே அளந்தேன். நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவுக் கருவியின் இரண்டு முனைகளுக்கு நடுவே சோக்கின் பின்னலை மட்டும் தொடராக இணைத்து, எவ்வளவு அடைக்கிறது என்று பார்ப்பது. இணைக்கும் கம்பிகள் விரல்நுனி அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். 7.1-இல் 33 டெசிபல், 21-இல் 29, 28-இல் 26. தடை பெரும்பாலும் ரெசிஸ்டிவ் என்று கொண்டால், 33 டெசிபல் சுமார் 4300 ஓமுக்குச் சமம். 26 என்பது 1900 பக்கம். ஆசைக்குக் காற்றுச் சுருளையும் வைத்துப் பார்த்தேன். 12 டெசிபல்.

பெட்டி வேலையை நீட்டி எழுத எதுவுமில்லை. பிளாஸ்டிக் பெட்டி, மேலே தொங்கவிட ஒரு வளையத் திருகு, பக்கவாட்டில் கம்பியின் இழுவையைத் தாங்க இரண்டு, கீழே கனெக்டர். இழுவை பற்றவைத்த இடத்தில் விழக் கூடாது. அடியில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். எவ்வளவு அடைத்தாலும் உள்ளே ஈரம் கோக்கும், அது வெளியே வர வழி வேண்டும்.

ஏற்றினேன். 20 வாட்டில் மல்டிமீட்டர் ஏறத்தாழ சுழி. இதை நம்பக் கூடாது, ஏனென்றால் டயோடு 0.2 வோல்ட்டுக்குக் கீழே சரியாகக் கடத்தாது. 100 வாட்டுக்கு ஏற்றினேன்: 0.1 வோல்ட். முன்பு 2. விசைப்பலகை ஒழுங்காக வேலை செய்தது. மைக்கில் உதட்டை வைத்துப் பார்த்தேன், கடிக்கவில்லை. எதிர்பாராத லாபம் ஒன்று, கேட்கும் பக்கத்தில் இரைச்சல் ரேடியோவின் சிக்னல் மீட்டரில் எஸ்7-லிருந்து எஸ்5-க்கு இறங்கியது. வீட்டின் சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் கொட்டும் குப்பை கேபிளின் வெளிப்பக்கமாக ஏறி ஆன்டெனாவுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பாதை இரண்டு பக்கமும் திறந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை. உடைந்து ஒட்டிய வளையத்தையும் வீணாக்காமல், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக்காகப் போட்டேன். இரைச்சல் இன்னும் அரைப்புள்ளி இறங்கியதுபோல் இருந்தது. அது மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

இதற்குப் பிறகு எந்த ஆன்டெனாவுக்கு எது என்று யாராவது கேட்டால், விகிதத்தைக் கடைசியில் பேசுவேன். நடுவில் ஊட்டும் டைபோலுக்கு 1:1 கரண்ட் பாலன், யோசிக்க ஒன்றுமில்லை. மடித்த டைபோல் 300 ஓம் அளவில் இருப்பதால் 4:1 அங்கே பொருந்தும். இரண்டு மீட்டர் பேண்டில் அதற்கு ஃபெரைட்டே வேண்டாம், அரை அலை நீளக் கோஆக்ஸை யு வடிவில் வளைத்தால் போதும். 145 மெகாஹெர்ட்ஸில், வேகக் காரணி (ஒளி வேகத்தோடு ஒப்பிட்டால் கேபிளுக்குள் அலையின் வேகம்) 0.66 உள்ள கேபிளுக்கு 68 சென்டிமீட்டர். மையம் விலகி ஊட்டும் டைபோலுக்கும் 4:1 சொல்வார்கள், ஆனால் அதன் இரண்டு கால்களும் பிறவியிலேயே சமமில்லை. ஆகவே 4:1-க்குப் பிறகு ஒரு 1:1 சோக்கும் கட்டாயம். வோல்டேஜ் பாலனை மட்டும் அங்கே மாட்டினால் என் முதல் பெட்டியின் கதைதான் நடக்கும். நுனியில் ஊட்டும் அரை அலைக் கம்பிக்கு 49:1, ஏதோ ஒரு நீளக் கம்பிக்கு 9:1. இவை பாலன் என்று விற்கப்பட்டாலும் உண்மையில் அன்அன், இரண்டு பக்கமும் அன்பேலன்ஸ்டு. இவை மின்மாற்றிகள், கேபிளின் வெளிப்பக்கத்தை இவை அடைப்பதில்லை. டியூனரும் (இம்பிடன்ஸைப் பொருத்தும் பெட்டி) ஏணிக் கம்பியும் (கோஆக்ஸுக்குப் பதில் இணையாகப் போகும் இரட்டைக் கம்பி) வைத்திருப்பவர்கள் பழக்கத்தில் 4:1 போடுகிறார்கள். பேண்டுக்குப் பேண்டு இம்பிடன்ஸ் 20 ஓமாகவும் இருக்கும் 2000-ஆகவும் இருக்கும், 20-ஐ நாலால் வகுத்தால் டியூனர் என்ன செய்யும்? அங்கேயும் நான் 1:1-தான் போடுவேன்.

ஒன்று பாக்கி. நல்ல பாலன் போட்ட அன்று மாலை எஸ்டபிள்யூஆரைப் பார்த்தேன்: 7.1-இல் 1.7. முன்பு 1.3 இருந்தது! ஒரு நிமிடம் திக்கென்றது. அதிர்வெண்ணை நகர்த்திப் பார்த்தால் அடிமட்டம் 7.19-க்குப் போயிருந்தது. பழைய 1.3 மூன்று கால் ஆன்டெனாவின் எண். கேபிளையும் சேர்த்து டியூன் செய்திருக்கிறேன், கம்பியை அதற்கேற்ப மடித்திருக்கிறேன். நல்லவேளை வெட்டவில்லை. நுனிகளில் மடித்ததை ஒவ்வொரு பக்கமும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் பிரித்துவிட்டேன். மொத்த நீளம் 20.05 ஆனது, கணக்கு முதல் நாளே சொன்ன 20.07-க்கு இரண்டு சென்டிமீட்டர் பக்கத்தில். 7.1-இல் எஸ்டபிள்யூஆர் 1.2. குறைந்த பவரில் கேரியர் போட்டுவிட்டு, மேசைக்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளை இறுகப் பிடித்தேன். முள் அசையவில்லை.